காவலை விட்டு ஓடியவன்

செல்லூரில் மதியம் ஒரு மணிக்குத் தறிகள் நிற்கும். காலை ஏழு மணியிலிருந்து சந்து சந்தாகத் தடதடத்துக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கும். கடைசித் தறியும் நின்ற பிறகு காக்கா கத்துவது கேட்கும், யாரோ சோற்றுப் பானையில் கரண்டியைத் தட்டுவது கேட்கும். சரியாக ஒரு மணி நேரம். அந்த நேரத்தை நம்பித்தான் சாய்ராம் அண்ணன் தன் வீட்டு மாடியறையில் டப்பிங் ஸ்டுடியோ வைத்திருந்தார். சுவரெல்லாம் முட்டை அட்டையும் கழிவுப் பஞ்சும் ஒட்டியிருந்தாலும் தறிச் சத்தத்துக்கு முன்னால் அவை எம்மாத்திரம்? ஒன்றிலிருந்து இரண்டுக்குள் பேசினால் உண்டு. இல்லாவிட்டால் மறுநாள்தான்.

வீரணனுக்கு முப்பத்தொரு வயது. அந்த ஸ்டுடியோவில் வசனம் எழுதுவதும் அவன்தான், பாதிக் குரல்கள் பேசுவதும் அவன்தான், கூட்டக் காட்சிக்கு ஆள் பிடித்து வருவதும் அவன்தான். சென்னையில் ஒரு நிறுவனம் செல்போன் செயலிக்காக வெளிநாட்டுப் படங்களை வாங்கி அனுப்பும். இங்கே வாயசைப்புக்கு ஏற்றபடி தமிழில் பேசி அனுப்ப வேண்டும். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அதுவும் தபால் வழியில். "பி.ஏ. படிச்சிட்டுப் பேய்க்குப் பேசுறான்" என்று தெருவில் சொல்வார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. போன வருடம் மட்டும் ஏழு பேய்களுக்குப் பேசியிருந்தான்.

எட்டாவதாக வந்தது பட்டாளத்துப் பேய்ப்படம். கிழக்கே ஒரு நாட்டில், மலைக்காட்டுக்குள் ஒரு பயிற்சி முகாம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். அதே முகாமில் முன்பொரு மழையில் மண் சரிந்து செத்துப்போன பையன்கள் இன்னும் பயிற்சியை முடிக்காமல் அங்கேயே இருக்கிறார்கள். காலையில் வரிசை எண்ணும்போது ஆள் இருபத்துநாலு, குரல் இருபத்தைந்து. சாய்ராம் அண்ணன் முதல் தடவை பார்த்துவிட்டு இரண்டு நாள் மாடிப்படியில் தனியாக ஏறவில்லை.

வீரணன் மாட்டிக்கொண்டது வேறொரு காட்சியில். காவலுக்கு நின்ற பையன் பேயைக் கண்டு துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறான். பேய் அவனைத் துரத்தவில்லை. கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவன் நின்ற இடத்தில் அவனுக்குப் பதிலாக நிற்கிறது. அதிகாரி தூரத்திலிருந்து பார்க்கிறார், காவலில் ஆள் இருக்கிறது, போய்விடுகிறார். பிறகு ஓடியவன் திரும்பி வந்து, பேயின் முன்னால் நின்று, ஒரு சின்ன வாக்கியம் சொல்கிறான். சென்னையிலிருந்து வந்த தாளில் அந்த இடத்தில் 'நன்றி' என்றிருந்தது.

ஓடிய பையனுக்கு வீரணன்தான் குரல். அந்த 'நன்றி'யை அடித்துவிட்டு அவன் வேறெதுவும் எழுதாமல் விட்டிருந்தான். செல்லூரில் யார் யாரிடம் நன்றி சொல்கிறார்கள்? மேடையில் சொல்வார்கள், பேங்க் மேனேஜரிடம் சொல்வார்கள். கூட நின்றவனிடம் சொன்னால் அவன் சண்டைக்கு வருவான்.

அவன் அம்மா பாண்டியம்மாளிடம் செல்போனில் அந்தக் காட்சியைக் காட்டினான். எப்போதும் காட்டுவான். இருபத்திரண்டு வருடம் தறிக்கூடத்தில் நின்றவள் அவள். அந்தச் சத்தத்தில் காது எதற்கும் உதவாது. ஆறு தறிகளுக்கு அந்தப் பக்கம் நிற்பவள் வாயைத் திறந்தால் உதட்டைப் பார்த்தே இவள் பதில் சொல்வாள். எந்த நாட்டு உதடானாலும் அவளுக்கு உதடுதான். "ஆரம்பத்துல ஒருதரம் உதடு ஒட்டுது. பெறகு ஒட்டல. கடைசில வாயத் தொறந்தாப்புல விடுறான். அதுக்குத் தக்கன எழுது" என்றாள். பிறகு, "அந்தப் பேய் நல்ல புள்ளையா இருக்கும் போலயே. யாரு பெத்ததோ" என்றாள்.

மறுநாள் சாய்ராம் அண்ணன் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மாப்ள, பரேடு சீனுக்கு உன் குரலு சரிப்படாது. நேராக நில்னு நீ சொன்னா பி.டி. வாத்தியார் மாதிரி இருக்கு. நெஜ மிலிட்டரிக்காரரு ஒருத்தரப் பிடிச்சிட்டேன். லீவுல வந்திருக்காரு. ஹவில்தாரு. நாளைக்கு வாரேன்னுட்டாரு."

"யாருண்ணே?"

"வாடிப்பட்டிக்காரரு. இம்மானுவேல்னு பேரு."

வீரணன் கையிலிருந்த தாளை ஒழுங்காக அடுக்குவதுபோல அடுக்கினான். அடுக்கி முடித்த பிறகும் அடுக்கிக்கொண்டிருந்தான். நாளைக்கு வரும் கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். செத்த பையன்களின் தாய்மார் அழும் காட்சிக்குத் தறிக்காரப் பெண்கள் நாலு பேரை அவனே பேசி வைத்திருந்தான். ஒப்பாரியைத் தூக்கிக் கொடுப்பது பாண்டியம்மாள்தான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வீரணன் பதினொரு வாரம் பட்டாளத்தில் இருந்தான். பிளஸ் டூ முடித்த மறுவருடம் ஆள் எடுப்பில் ஓடித் தேறி, வெளி மாநிலத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனான். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் இம்மானுவேல். மதுரைப் பேச்சுப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தங்கினார்கள்.

அங்கேயும் ஒரு பேய்க் கதை இருந்தது. எல்லா முகாமிலும் இருக்கும் போல. தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்த ஒரு பயிற்சிப் பையன் விடியற்காலைப் பனியில் வெள்ளையாக நடப்பான் என்று மூத்தவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். பதினோராவது வாரம், ஒரு விடியற்காலையில், தொட்டி ஓரத்தில் வீரணனும் இம்மானுவேலும் கையில் கம்போடு காவல் நின்றார்கள். பனிக்குள்ளிருந்து ஒன்று வந்தது. தலையே இல்லாமல், மேலெல்லாம் வெள்ளையாக வந்தது. வீரணன் கம்பைப் போட்டுவிட்டு ஓடினான்.

வந்தது சமையற்கூடத்து ஆள். தலையில் மாவு மூட்டை. மூட்டை கிழிந்து மேலெல்லாம் மாவு.

காவலை விட்டு ஓடுவது பயிற்சியில் பெரிய குற்றம். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் வந்து விசாரித்தபோது இம்மானுவேல், "வயித்த வலின்னான் உஸ்தாத், நான்தான் போகச் சொன்னேன்" என்றான். ஆளை அனுப்ப நீ யார் என்று தண்டனை அவனுக்கு விழுந்தது. மூன்று நாள், காலையும் மாலையும், சரளை மண் மைதானத்தைச் சுற்றி உருள வேண்டும். வீரணன் அறை ஜன்னலில் நின்று பார்த்தான். சொல்லிவிடலாம் என்று மூன்று நாளும் நினைத்தான். நான்காம் நாள் அவனுக்கு இடது காதில் சீழ் வடிந்தது. மருத்துவப் பரிசோதனையில் காதுச் சவ்வில் ஓட்டை என்று தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது இம்மானுவேல் மைதானத்தில் இருந்தான். வீரணன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்க வழியாகப் போனான்.

செல்லூரில் இறங்கியதும் கேலி தொடங்கிவிட்டது. "மிலிட்டரி, ஓடி வந்துட்டியா?" என்றார்கள். டீக்கடையில் கேட்டார்கள், தண்ணீர்க் குழாயில் அம்மாவிடம் கேட்டார்கள். பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள் அம்மாவிடம் கதையைத் திருப்பிச் சொன்னான். மாவு மூட்டையைப் பார்த்து ஓடினது வாடிப்பட்டி இம்மானுவேல். அவனுக்காக உருண்டது நான். உருண்டபோது கல்லில் இடித்துத்தான் காது போச்சு.

ஏன் சொன்னான்? அம்மா தலை குனியக் கூடாது என்றா? தன் தலை குனியக் கூடாது என்றா? பின்னாளில் பலமுறை யோசித்தும் அவனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சொன்ன அன்றே அது அவன் கையை விட்டுப் போய்விட்டது. பாண்டியம்மாள் அதைத் தறிக்கூடம் தறிக்கூடமாகக் கொண்டுபோனாள். "எம்புள்ள அடுத்தவனுக்காக உருண்டவன்" என்பது அவளுக்கு ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களிலும் அதைத்தான் முதலில் சொன்னாள். வாடிப்பட்டி ஒரு மணி நேரப் பயணம். அவன் போனதே இல்லை.

"யம்மா, நாளைக்கு வராத. அழுகைய நாளான்னிக்கு எடுத்துக்கலாம்" என்று அன்று மாலை சொல்லிப் பார்த்தான்.

"ஏன்? தொண்டை எல்லாம் சரியாத்தான இருக்கு. பாண்டீஸ்வரி புதுச் சேலை கட்டிக்கிட்டு வாராளாம். அழுகுறது கேக்கத்தான் போகுது, பாக்கவா போறாகன்னேன். கேக்க மாட்டேங்கறா."

மறுநாள் ஒரு மணிக்குத் தறிகள் நின்றன. நாலு பெண்களும் தூக்குச்சட்டியோடு மாடியேறி வந்தார்கள். உடம்பில் பஞ்சுத் தூசி. பாண்டீஸ்வரி மட்டும் புதுச் சேலை. குரல் பதிவு செய்யும் கண்ணாடி அறைக்கு வெளியே, சாய்ராம் அண்ணனின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பின்னாலேயே படியேறி வந்த ஆள் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. அவ்வளவு உயரம். நரை தொடங்கிய மீசை. முழுக்கைச் சட்டை.

இம்மானுவேல் வீரணனைப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரித்தான்.

"டேய்! வீரணா! நீயாடா?"

வீரணன் சிரிக்கப் பார்த்தான், வாய் விரியவில்லை.

"இம்மானுவேலு, ஒங்க ரெண்டு பேருக்கும் முன்னமே தெரியுமா?" என்றார் சாய்ராம்.

"ஒரே ரூமுண்ணே. பதினோரு வாரம்."

பாண்டியம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "எந்த இம்மானுவேலு? வாடிப்பட்டி இம்மானுவேலா?"

"ஆமாத்தா."

"அடேயப்பா! உம்பேரச் சொல்லாத நாளில்லய்யா எங்க வீட்டுல."

இம்மானுவேல் கூச்சத்தோடு கை கூப்பினான். "அதெல்லாம் எதுக்கு ஆத்தா. கூட இருக்கவனுக்குச் செய்யிறதுதான."

"என்னத்தச் செஞ்ச? கம்பப் போட்டுட்டு ஓடினியே, அதையா?" பாண்டியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இம்புட்டு ஒசரம் வளந்து என்னய்யா பிரயோசனம்? ஒரு மாவு மூட்டையப் பாத்து ஓடுவாகளா?"

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த ஆளா இவரு? அப்ப இப்ப பார்டர்ல காவ நிக்கிறது இவராக்கா? வெளங்கிரும் நாடு." பெஞ்சு குலுங்கியது.

இம்மானுவேல் மெல்லத் திரும்பி வீரணனைப் பார்த்தான். வீரணன் வசனத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஜன்னலில் நின்றபோதும் ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது.

"ஆமாத்தா, ஓடிட்டேன்" என்றான் இம்மானுவேல். "சின்னப் பயதான அப்ப."

"எம்புள்ள ஒனக்காக மூணு நாளு சரளயில உருண்டான்ல?"

"உருண்டான்."

"ஒரு வார்த்த சொல்ல வரணும்னு தோணலயா ஒனக்கு? இங்கனக்குள்ள இருக்கு வாடிப்பட்டி. பன்னெண்டு வருசம்!"

"தப்புத்தான் ஆத்தா."

"சரி சரி, வெரட்டாதீக மனுசன" என்று சாய்ராம் கடிகாரத்தைக் காட்டினார். "ஒண்ணு பத்தாச்சு."

முதலில் பரேடு. இம்மானுவேல் கண்ணாடி அறைக்குள் நின்று நெஞ்சை நிமிர்த்தி, "நேராஆஆக... நில்!" என்றான். வெளியே பாண்டீஸ்வரியின் கையிலிருந்த தூக்குச்சட்டி மூடி கீழே விழுந்தது. சாய்ராம் அண்ணன் நாற்காலியில் தன்னையறியாமல் நேராக உட்கார்ந்தார். நாலே டேக்கில் பரேடு முடிந்தது.

அடுத்தது காவல் காட்சி. பையன் ஓடுவதும், அதிகாரி தூரத்திலிருந்து குரல் கொடுத்துவிட்டுப் போவதும். வீரணனும் உள்ளே போனான். ஒரே மைக்கின் முன்னால் இருவரும் தோளோடு தோள் நிற்க வேண்டியிருந்தது. வீரணன் மூச்சிரைக்க ஓடி வரும் சத்தம் கொடுத்தான். சாய்ராம் கையை ஆட்டினார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"மாப்ள, பயமே இல்லையே. பால் வாங்கப் போறவன் மாதிரி ஓடுற."

பின்னாலிருந்து பாண்டியம்மாளின் குரலும் அதில் வந்தது. "அவனுக்கு ஓடத் தெரியாதுய்யா. அந்தத் தம்பியப் பேசச் சொல்லு, அனுபவஸ்தரு."

இன்னும் இரண்டு டேக். மூன்றாவதில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. "ரெண்டு நிமிசம் இருங்கப்பா, மக்கர் பண்ணுது" என்று சாய்ராம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் ஒயரைத் தேடக் குனிந்தார். ஸ்பீக்கர் அணைந்தது. கண்ணாடி அறைக்குள் இரண்டு பேரும் மட்டும்.

"ஏண்டா ஆமான்னு சொன்ன?" என்றான் வீரணன்.

"வேற என்னத்தச் சொல்ல? ஒங்க ஆத்தா மூஞ்சியப் பாத்தேன். எம்புட்டுப் பெருமையா வச்சிருக்காக. நான் அதப் பிடுங்கவா?"

"பொய்டா அது."

"அது எனக்குத் தெரியாதா? நான்தான உருண்டேன்." இம்மானுவேல் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தலாவது இருந்திருந்தால் வீரணனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஓடினது நான்" என்றான். ஒரு தடவை சொன்ன பிறகு நிற்கவில்லை. "நீ உருண்டத மூணு நாளும் ஜன்னல் வழியாப் பாத்தேன். முழங்கையில ரத்தம் வந்ததயும் பாத்தேன். கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லல. போறப்பவும் சொல்லல. ஊருக்கு வந்து, நீ பட்டத எம்பேருல எழுதிக்கிட்டேன். அத வச்சுத்தான்டா இந்தத் தெருவுல நடமாடிக்கிட்டிருக்கேன். தெனமும் ஒன்ன நெனப்பேன். வாடிப்பட்டி பஸ்ஸு போகும். நான் ஏறல."

வீரணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா எழுந்து நின்றாள். கண் அவன் வாயின் மேல் இருந்தது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி சொல்வதைப் பிடித்து அடுத்தவளுக்குக் கடத்தும்போது அசையுமே, அப்படி. கடைசியாக அந்த உதடு சொன்னதை அவனும் படித்தான். நான் ஏறல.

சாய்ராம் அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபோது பாண்டியம்மாள் கனத்த கதவைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தாள். மகனைப் பார்க்கவில்லை. நேராக இம்மானுவேலின் முன்னால் போய் நின்றாள்.

"கையக் காட்டுய்யா."

"ஆத்தா, விடுங்க. அதெல்லாம்..."

"காட்டு."

இம்மானுவேல் சட்டைக் கையை மேலே சுருட்டினான். முழங்கைக்குக் கீழே தோல் வேறு நிறத்தில், ஓலைப்பாய் அழுந்தினதுபோல வரி வரியாக இருந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்தாள். மற்றக் கையையும் தானே திருப்பிப் பார்த்தாள்.

"இத நான் இவன் கையில தேடுனேன்யா" என்றாள். "உருண்டேன்னு சொன்ன வாரத்துல எண்ண தேச்சு விட்டப்ப. மூணு நாளு உருண்டவன் கையில ஒரு கீறல் இல்ல. பதினெட்டாம்படிக் கருப்புத்தான் புள்ளையத் தாங்கிப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். அன்னையிலருந்து வருசா வருசம் அழகர்கோவிலுக்குப் போயி கருப்பு குடியிருக்கிற கதவுல சந்தனம் சாத்திட்டு வாரேன்." அவள் அந்த வரிகளை மறுபடி தடவினாள். "பன்னெண்டு வருசத்துச் சந்தனம். அம்புட்டும் ஒனக்குச் சேர வேண்டியது."

"நான் வேதக்காரன் ஆத்தா" என்றான் இம்மானுவேல், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"இருந்துட்டுப் போ. கருப்பு ஆளு பாத்தா காவக்காக்குது?" அவன் இரண்டு முழங்கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சொல்லாத சொல்லெல்லாம் சொல்லிட்டேன். ஒன்னப் பெத்தவ கேட்டிருந்தா என்ன பாடுபட்டிருப்பா. மன்னிச்சுக்கய்யா."

அவ்வளவு பெரிய ஆள், அழுதுவிடக் கூடாதென்று கூரையைப் பார்த்தான்.

பிறகுதான் மகனிடம் திரும்பினாள். அடித்துவிடுவாள் என்று வீரணன் நினைத்தான். அடித்திருந்தால் தேவலை என்றும் நினைத்தான்.

"இந்தச் சந்துல எத்தன பேரு காதுல நான் இதப் போட்டிருக்கேன், தெரியுமா? நான் போயி மாத்திச் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. ஒருத்தரு விடாம."

"சொல்றேம்மா."

"ஓடினதுக்காகச் சொல்லலடா. பத்தொம்பது வயசுப் புள்ள, பயம் வரத்தான் செய்யும். நீ ஓடி வந்தேன்னு சொல்லிருந்தாலும் சோறு போட்டுத்தான இருப்பேன்."

"ஆத்தா" என்று வாசலில் நின்று தயங்கினார் சாய்ராம். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் தொழில் தொழில்தான். "ஒண்ணு நாப்பத்தஞ்சு ஆச்சு. தறி ஓட ஆரம்பிச்சிட்டா இன்னைக்கு வேல போச்சு."

பெண்கள் நாலு பேரும் உள்ளே வந்தார்கள். பாண்டியம்மாள் தொண்டையைச் செருமிவிட்டு ஒப்பாரியைத் தூக்கினாள். திரையில் பிணங்களின் மேல் விழுந்து அழுத வெளிநாட்டுத் தாய்மாருக்கு அப்படியொரு அழுகை அதுவரை வாய்த்திருக்காது. ஒரே டேக். சாய்ராம் இன்னொன்று கேட்கவில்லை.

எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. வீரணன் மைக்கின் முன்னால் போனான். ஓடும் மூச்சைக் கொடுத்தான். இந்தமுறை சாய்ராம் கையை ஆட்டவில்லை. பிறகு அந்தக் கடைசி இடம். திரையில் பையன் திரும்பி வருகிறான். தன் இடத்தில், தன் துப்பாக்கியோடு, செத்துப்போன ஒருவன் அசையாமல் நிற்பதைப் பார்க்கிறான். தாளில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. இம்மானுவேல் மூலையில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றான்.

"இம்புட்டு நாழி நீயா நின்ன?" என்றான் வீரணன்.

உதடு ஆரம்பத்தில் ஒரு தரம் ஒட்டியது. பிறகு ஒட்டவில்லை. திரையில் பையனின் வாய் திறந்தபடி நின்ற இடத்தில் இவன் சொல்லும் முடிந்தது. சாய்ராம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கீழே முதல் தறி ஓடத் தொடங்கியது, அடுத்து அதற்கடுத்த வீடு, பிறகு சந்து முழுவதும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பாண்டியம்மாள் பிடிவாதம் பிடித்தாள். மனைவி காத்திருப்பாள், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறேன் என்று இம்மானுவேல் கையெடுத்துக் கும்பிட்டு ஒப்புக்கொள்ள வைத்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு நாட்டுக்கோழி என்று அங்கேயே முடிவானது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வீரணன் கூட நடந்தான். வைகைப் பாலத்தில் வெயில் கொளுத்தியது. ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரைதான் இருந்தது.

"அன்னைக்கு உஸ்தாத்கிட்ட நான் ஏன் அப்புடிச் சொன்னேன்னு நீ கேக்கவே இல்லயே" என்றான் இம்மானுவேல்.

"என்னைக் காப்பாத்தத்தான்."

"அது பெறகு. மொதல்ல நடந்தத சொல்றேன் கேளு. அந்த மாவு மூட்ட வந்துச்சுல்ல, எனக்கும் கால் கிளம்பிருச்சுடா. சத்தியமாச் சொல்றேன். நீ அர நொடி முந்திக்கிட்ட. நீ ஓடிட்ட, இனி நானும் ஓடுனா அங்க யாரு நிக்கிறதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாரு. அதுலதான் கால் நின்னுருச்சு. வேற ஒண்ணுமில்ல. நீ ஓடலேன்னா நான்தான் ஓடியிருப்பேன்." அவன் சிரித்தான். "பெறகு எங்கெங்கயோ காவ நின்னாச்சு. பயம் வந்தா, அந்த எடம் ஞாபகம் வரும். ஒருதரம் நின்னவன்தானன்னு நின்னுருவேன். ஒங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு நானும் நெனச்சேன்டா. ஒன்னையக் காணோம், பின்வழியாப் போயிட்ட."

வீரணன் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தான் ஓடியதில் யாருக்கும் ஒரு நன்மை விளைந்திருக்கக்கூடும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. அதை நம்புவதா, இதுவும் இம்மானுவேல் தனக்காகச் சொல்லும் இன்னொரு 'வயித்த வலி'யா என்றும் தெரியவில்லை. கேட்டுவிடலாமா என்று யோசித்தான். பிறகு கேட்கவில்லை. ஒருவன் கொடுப்பதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வந்துரு" என்றான்.

"நாட்டுக்கோழின்னுட்டாக. வராம இருப்பனா?"

வாடிப்பட்டி பஸ் கிளம்பும்வரை நின்றுவிட்டு வீரணன் திரும்பி நடந்தான். நாலு மணி. சந்து முனை டீக்கடையில் தறிக்காரப் பெண்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் இருந்தாள். அவனைப் பார்த்ததும் கிளாசை ஊதிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாண்டீஸ்வரியக்கா" என்றான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கடைக்காரர் உட்பட எல்லோரும் பார்த்தார்கள். "மிலிட்டரில மாவு மூட்டையப் பாத்து ஓடினது நான்தான். அவரு இல்ல. அவருதான் எனக்காக உருண்டாரு. நான் பொய் சொல்லிட்டேன்."

பாண்டீஸ்வரி டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். யோசித்தாள்.

"அப்ப அந்தக் காது? கல்லுல இடிச்சது?"

"கல்லெல்லாம் இடிக்கல. தானாச் சீழ் பிடிச்ச காதுக்கா."

"அட ச்சீ! நீ தெருவுல போறப்பல்லாம் எம்புள்ளைககிட்ட அந்தக் காதக் காட்டி, பாத்துக்கங்கடா தியாகம்னு சொல்லிருக்கேன்டா பாவி!"

கடையே சிரித்தது. பாண்டியம்மாளின் முதுகும் குலுங்கியது. அவன் நின்றுகொண்டே இருந்தான். முகம் எரிந்தது. ஆனால் கால் நகரவில்லை.

"இன்னும் யாருட்டல்லாம் சொல்லணும்?" என்றாள் பாண்டீஸ்வரி.

"சந்து முழுக்க."

"அப்ப டீயக் குடிச்சிட்டுப் போ. தறி ஓடுது, கத்திக் கத்தித்தான் சொல்லணும்."

கடைக்காரர் ஒரு கிளாசை நீட்டினார். வீரணன் சூட்டோடு குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, முதல் தறிக்கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினான்.